ஸ்லைடு குடிகாரனுக்குப் பெண் பார்த்த கதை

எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருந்தில் பக்கத்து மேசைக்காரன் பீர் கேனைத் திறந்தால் அந்த வாடைக்கே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். பேரில் மட்டும் பீர் இருக்கும் ரூட் பீர் ஒரு டம்ளர் உள்ளே போனால் ராத்திரி முழுக்க நெஞ்செரிச்சல். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் மனநல ஆலோசகர்களாக வேலை பார்க்கும் இளசுகள் பலருக்குக் குடிகாரன் என்றவுடன் ஞாபகத்துக்கு வருவது என் முகம்தான். பாடப்புத்தகத்து இதயத்தை நினைத்தால் அந்தச் சிவப்பு நீலக் குழாய்கள் ஞாபகம் வருமே, அந்த மாதிரி.

சுங்கை வே பக்கம், தொழிற்சாலைகளுக்கு நடுவில், கடைவீடுகளின் மாடியில் நடக்கும் ஒரு தனியார் கல்லூரியில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கீழே டயர் கடை, மேலே உயர்கல்வி. ஆலோசனை டிப்ளோமாதான் எங்களுக்குச் சோறு போடும் வகுப்பு. அதற்கான ஸ்லைடுகளை யாரோ ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் வெள்ளைக்காரர்கள். மன அழுத்தம் என்றால் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருக்கும். குடும்பப் பிரச்சினை என்றால் கணப்படுப்பின் முன்னால் ஒரு பொன்முடிக்காரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மது அடிமை என்ற பாடத்தில் சோபாவில் சாய்ந்து கிடக்கும் ஒரு தாடிக்கார வெள்ளையன், காலடியில் பொசுபொசுவென்று ஒரு நாய். எங்கள் மாணவர்கள் அந்த ஆளைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். நாய்க்கு யார் சாப்பாடு போடுவார்கள் என்றுதான் கேட்பார்கள்.

பாடத்திட்டத்தைப் பரிசோதிக்க வந்தவர்கள் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு, உள்ளூர் முகங்கள் இல்லையே என்று கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். எங்கள் துறைத் தலைவி, நாங்கள் எல்லாரும் மரியாதைக்குப் புவான் என்று கூப்பிடும் மலாய்ப் பெண்மணி, நல்லவர், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். எல்லாப் படங்களையும் நாமே எடுக்கிறோம், ஆசிரியர்களே நடிக்கிறோம், ஒவ்வொரு அத்தியாயத்திலும் மூன்று இனமும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

இந்த நாட்டில் படம் போடுவதற்கு ஒரு முறை உண்டு. பல் விளக்கச் சொல்லும் போஸ்டரோ, கொசுவை ஒழிக்கச் சொல்லும் போஸ்டரோ, ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு இந்தியர் மூவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இந்தியர் பெரும்பாலும் ஓரத்தில். இடம் பற்றவில்லை என்று ஓரத்தை வெட்டினால் போவது நம் கைதான். கை போனால் என்ன, ஆள் இருக்கிறாரே என்று நாமும் திருப்திப்பட்டுக்கொள்வோம்.

எங்கள் கல்லூரியில் இந்தியர்கள் என்று பார்த்தால் நான், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா, அப்புறம் வாசல் காவலாளி. காவலாளி நேப்பாளி. புவான் அவரையும் நம் கணக்கில் சேர்த்துவிட்டார். அவரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

வேடம் பிரிக்கும் கூட்டத்தில் எல்லாம் சுமுகமாகத்தான் போனது. ஆலோசகராகப் புவானே நடிப்பதாகச் சொன்னார். மருத்துவராகச் சீனக் கணக்கியல் ஆசிரியர், கண்ணாடி போட்டிருப்பதால். மது அடிமைக்கு வந்தபோது ஆளாளுக்கு நோட்டைப் புரட்டினார்கள். புவான் சங்கடமாகச் சிரித்தார். போத்தலில் இருப்பது வெறும் தேநீர்தான் என்றாலும் எங்கள் ஆட்கள் முஸ்லிம்கள், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது, உங்களுக்கே தெரியும் என்றார். அது நியாயம்தான், நான் தலையாட்டினேன். கணக்கியல் ஆசிரியர் தன் மாமியார் எல்லாவற்றையும் கைப்பேசியில் பார்ப்பவள் என்றார். அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கெட்ட எண்ணத்தோடு பார்த்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். மின்விசிறி எங்கே என்று மேலே பார்ப்பது மாதிரி அவ்வளவு இயல்பாகப் பார்த்தார்கள்.

நம்ம அக்காவாவது வாய் திறப்பார் என்று திரும்பினேன். அவர் என்னை மேலும் கீழும் அளந்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, ஒன்னும் மேக்கப் வேணாம் லா. தலைய மட்டும் கொஞ்சம் கலைச்சுவிட்டா போதும்."

போதுமாம்! என்ன செய்வது, எனக்கும் ஒரு ஆசை இருந்தது. பள்ளி நாடகங்களில் நான் ஏற்றதெல்லாம் ஈட்டி பிடிக்கும் சேவகன் வேடம்தான். முகபாவம் காட்டச் சொல்லி யாரும் என்னை அதுவரை கூப்பிட்டதில்லை. ஆகவே பீரும் விற்கும் கோப்பிக் கடையிலிருந்து வாங்கி வந்த காலிப் போத்தலில் பாலில்லாத தேநீரை நிரப்பி, பனியனும் கைலியுமாக ஆய்வுக்கூடத்துத் தரையில் சரிந்தேன். அக்கா என் மனைவியாகத் தலையில் கைவைத்து அழுதார். காவலாளி என் மச்சானாகப் பனியனைப் பிடிக்க வந்தார். நான் கண்ணைச் செருகி, உதட்டைக் கோணி, ஒரு கையால் சுவரைத் தேடினேன். ஒரே டேக். எல்லாரும் கைதட்டினார்கள். புவான் என்னைப் பார்த்து, உங்களுக்குள் ஒரு நடிகர் இருக்கிறார் என்றார். அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

படம் ஸ்லைடில் ஏறியது. ஏறியது இறங்கவில்லை. ஒரு அணி படித்துப் போனால் அடுத்த அணி வரும், எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். கேண்டீனில் ஒரு பெண் பிள்ளை என் தட்டில் கூடுதலாக ஒரு முட்டை வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்குங்க சார் என்றாள். சரி, சின்னப் பிள்ளைகள் என்று விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கையில்தான் என் அக்கா, கூடப் பிறந்தவள், எனக்குக் கிள்ளானில் ஒரு பெண் பார்த்தாள். எனக்கு நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வயது. அதற்குமுன் பார்த்த இடங்களில் எல்லாம் ஏதாவது ஒன்று தட்டிப் போயிருந்தது. ஒரு இடத்தில் என் சம்பளம், ஒரு இடத்தில் என் வழுக்கை, ஒரு இடத்தில் இரண்டும். இந்தப் பெண் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுப்பவர். போனில் ஒருமுறை பேசினோம். எட்டு மணி வகுப்புக்கு ஒன்பது மணிக்கு வரும் மாணவர்களைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிய பேச்சை யாராவது கேட்டிருந்தால் போலீசில் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சிரித்துப் பேசி எனக்கு ரொம்ப நாள் ஆகியிருந்தது. இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று நான் முருகனை நிஜமாகவே கெஞ்சினேன்.

கிள்ளானில் அவர்கள் வீடு வரிசை வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒரு தாமானில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தது. பெண்ணின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுந்து நின்று கைகொடுத்தார். பிரட்டிய மீகூன் சேமியாவும் பொரித்த கறிபாப்பும் வந்தன. பெண் வந்து எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பார்த்துப் பெண்ணின் தம்பி தேநீர்த் தட்டோடு வெளியே வந்தான்.

என்னைப் பார்த்தான். தட்டை மேசையில் வைத்துவிட்டு, "அப்பா, ஒரு நிமிசம் இங்க வாங்க," என்று அப்பாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனான். தாமான் வீட்டுச் சுவர் எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியும்.

"அப்பா, வேணாம்ப்பா. இவரு பெரிய குடிகாரர். எங்க காலேஜ்ல இவர வெச்சுத்தான் பாடமே நடத்துனாங்க."

அடக் கண்றாவியே! அந்தப் பயல் எங்கள் கல்லூரியில் ஆலோசனை டிப்ளோமா படித்திருக்கிறான். நான் அவன் அணிக்கு வகுப்பு எடுத்ததில்லை, அதனால் எனக்கு அவனைத் தெரியவில்லை. அவனுக்கு என்னைத் தெரிந்திருந்தது.

அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். முகம் மாறியிருந்தது. ஆனால் மரியாதை தெரிந்த மனிதர்.

"தம்பி, இப்ப உடம்பெல்லாம் பரவாயில்லையா?"

"அவனுக்கென்ன, நல்லா இருக்கான்," என்றாள் என் அக்கா, ஒன்றும் புரியாமல்.

"ஈரல்லாம் செக் பண்ணிட்டீங்களா?"

நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அது நடிப்பு அங்கிள், போத்தலில் இருந்தது தேநீர், அழுவது ஆய்வுக்கூடத்து அக்கா, பனியனைப் பிடிப்பவர் நேப்பாளி. சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. நேப்பாளி வந்த இடத்தில் என் அக்காவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பிக்காரன் தன் கைப்பேசியில் அந்த ஸ்லைடைத் தேடி எடுத்தான். தேர்வு முடிந்த பிறகும் பாடத்தை அழிக்காமல் வைத்திருக்கும் மாணவனை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். கைப்பேசி கைமாறிப் போனது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, என் செருகிய கண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"நடிப்பு மாதிரி தெரியலையே தம்பி."

"நல்லா நடிச்சிட்டேன் அங்கிள்."

"சரி, நடிப்பாவே இருக்கட்டும். நீங்களும் படிச்சவர்தானே? அடுத்த ஸ்லைடுல நிக்கிற அந்த டாக்டரா ஏன் நடிக்கல?"

என்னிடம் கண்ணாடி இல்லை, அதனால்தான் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

வரும் வழியில் காரில் அக்கா வாயில் வந்தபடி திட்டினாள். கைலி கட்டிக்கொண்டு படம் எடுக்கத்தான் உன்னை எம்.ஏ. படிக்கவைத்தோமா என்றாள். இந்த இடமும் போச்சு என்று நான் முடிவே செய்துவிட்டேன். அன்றிரவு அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தார்.

வாழையிலைக் கடையில் கூட்டம். சோறு வருவதற்குள்ளேயே நான் என் விளக்கத்தைத் தொடங்கிவிட்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தன் கைப்பேசியை இலைக்குப் பக்கத்தில் வைத்து, "மொதல்ல இதப் பாருங்க," என்றார்.

அதுவும் ஒரு ஸ்லைடு. வேலையிடப் பாதுகாப்பு என்று மேலே தலைப்பு. ஈரத் தரை, மஞ்சள் எச்சரிக்கைப் பலகை, அதன் பக்கத்தில் மாப்பைப் பிடித்துக்கொண்டு நீலச் சட்டையில் நிற்கும் துப்புரவுப் பணிப்பெண். எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த கணினி ஆசிரியை.

"மேனேஜர் வந்து, ஒரு நிமிசம் இதப் பிடிங்க மிஸ்னு சொன்னாங்க. பிடிச்சேன். க்ளிக். அஞ்சாறு வருசமா அங்கயே நின்னுட்டு இருக்கேன்."

"அது... மாப் பிடிச்சிருக்கிற விதம் நல்லா இருக்கு," என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறியது. எனக்கும் அடக்க முடியவில்லை. பக்கத்து மேசையில் ஒரு குடும்பமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. குடிகாரனும் துப்புரவுக்காரியும் ரசத்துக்குக் கையை ஏந்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது. இவரை விட்டால் கெட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது.

"எங்க தம்பிதான் அந்தக் கிளாஸ்ல ஒரே இந்தியப் பையன். உங்க படம் வந்தப்ப மொத்தக் கிளாசும் ஸ்கிரீனப் பார்த்துட்டு, அவனத் திரும்பிப் பார்த்துச்சாம், அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டானாம். எங்க வீட்ல ஒருத்தரும் குடியத் தொடமாட்டாங்க. அன்னிக்கு அவன் வந்து, அப்பா நீங்க எப்பவாவது குடிச்சிருக்கீங்களான்னு கேட்டான். எங்கப்பா முகத்த நீங்க பார்த்திருக்கணும்."

அன்றைக்கு எனக்குக் கிடைத்த கைதட்டல் என் காதிலேயே நாராசமாகக் கேட்டது.

"அந்தப் படத்த எடுத்துருங்க," என்றார். "நான் எங்கப்பாகிட்ட பேசிக்கிறேன். ஆனா அது அங்க இருக்கிற வரைக்கும் நான் சரின்னு சொல்ல மாட்டேன். என் மாப்ப நான் பார்த்துக்கிறேன்."

திங்கட்கிழமை காலை புவானின் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். புவான் உண்மையிலேயே வருத்தப்பட்டார். எதற்கு என்று கேளுங்கள். படத்தை எடுத்தால் அந்த அத்தியாயத்தில் இந்தியரே இல்லாமல் போய்விடுமே, உங்கள் சமூகத்துக்குக் கிடைத்த இடம் ஆயிற்றே, அப்படிச் செய்வது நியாயமா என்றார். கண்களில் அவ்வளவு அக்கறை!

எனக்கு வந்த கோபத்துக்கு மேசையையே கவிழ்த்திருப்பேன். பதிலாக, மலாயில் எனக்குத் தெரிந்த மிகப் பணிவான சொற்களை எல்லாம் பொறுக்கி எடுத்துச் சொன்னேன். புவான், அந்த இடத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், நாங்கள் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுக்கிறோம். கல்யாணமும் நின்றுவிடும் போலிருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். கல்யாணம் என்றதும் புவான் எழுந்தே விட்டார். அதை முதலில் சொல்ல வேண்டியதுதானே என்று என்னைத்தான் திட்டினார். மனசு தங்கம். ஆனால் அந்தத் தங்கத்துக்கு வகுப்பில் தலையைக் குனிந்த பையன் விளங்கவில்லை, மாப்பிள்ளைதான் விளங்கினான்.

அடுத்த கேள்வி, குடிகாரன் யார்? கணக்கியல் ஆசிரியரின் மாமியார் இன்னும் உயிரோடுதான் இருந்தார். காவலாளியைக் கேட்டதற்கு, மச்சான் வேடம் வரைக்கும் சரி, இது முடியாது என்று கும்பிட்டுவிட்டார். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்தத் தாடிக்கார வெள்ளையனையே திரும்பக் கூப்பிட்டோம். சோபாவும் நாயும் சகிதம் வந்து சேர்ந்தான். அவனைப் பார்த்து வகுப்பில் யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் பிள்ளைகள் எந்த வகுப்பிலாவது தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார்களோ என்னவோ, அது நம் கையில் இல்லை.

இந்தியரின் இடம் காலியாக இருக்கக் கூடாது என்று புவான் என்னை மருத்துவராக்கினார். கணக்கியல் ஆசிரியரின் வெள்ளைக் கோட்டுக்குள் என்னைத் திணித்தார்கள். பொத்தான் போடவில்லை, போட முடியவில்லை. ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு கருணையாகப் பார்க்கச் சொன்னார்கள். பத்துப் பதினைந்து டேக் போனது. எதிலும் நான் கோட்டைத் திருடிக்கொண்டு ஓடத் தயாராக நிற்பவன் மாதிரியே இருந்தேன். யாரும் கைதட்டவில்லை.

அந்தப் பெண்ணின் வேலை என்னுடையதைவிடச் சுருக்கமாக முடிந்திருந்தது. மேனேஜரிடம் போய்ப் படத்தை மாற்றச் சொன்னாராம். அந்த அம்மாள், அது ரொம்ப நேச்சுரலா இருக்கே மிஸ் என்றாராம். இவர் மூலையிலிருந்த மாப்பை எடுத்து, "ஒரு நிமிசம் இதப் பிடிங்க," என்று அந்த அம்மாள் கையில் கொடுத்து, க்ளிக். மறுநாளே இரண்டு படமும் இல்லாமல் போய்விட்டதாம். ஈரத் தரையில் இப்போது மஞ்சள் பலகை மட்டும் தனியாக நிற்கிறதாம்.

அடுத்த வாரம் கிள்ளானுக்குப் போனபோது என் மருத்துவர் படத்தைப் பெண்ணின் அப்பாவிடம் காட்டினேன். பழையபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது நடிப்பு மாதிரி தெரியுதே தம்பி," என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என்னை அவருக்குப் பிடிக்காமல் இல்லை. இந்த மாதிரி முகத்தை அந்த மாதிரிக் கோட்டுக்குள் அவரும் அதிகம் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான். மகள்தான் உள்ளேயிருந்து வந்து, "அப்பா, எனக்குச் சரி," என்றார். அப்பா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் அக்காவிடம் மண்டபத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.

கல்யாணம் கிள்ளானில்தான். சாப்பாடு முடிந்து படம் எடுக்கும் வரிசை மண்டப வாசல் வரைக்கும் நின்றது. மனைவியின் தம்பியோடு டிப்ளோமா படித்த கூட்டாளிகள் ஒரு கும்பலாக மேடையேறினார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் என் கால் தன்னால் ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது. "மாப்ள அண்ணே, எங்க போறீங்க? நடுவுல வாங்க, கை வெட்டுப்படுது!" என்று படக்காரர் கத்தினார். மனைவி என் மாலையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார்.

படம் எடுத்து முடிந்ததும் கும்பலில் ஒருவன் மட்டும் இறங்காமல் நின்றான். ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக வேலை பார்க்கிறானாம். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"உங்கள வெச்சுத்தான் சார் நான் அந்தப் பேப்பர் பாஸ் பண்ணேன். எங்க சென்டர்ல வர்றவங்ககிட்ட எல்லாம் உங்களப் பத்தித்தான் சொல்லுவேன். முழுசா விட்டுட்டீங்களா சார்?"

மேடைக்குக் கீழே மாமனார் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தேநீர், போத்தல், நேப்பாளி என்று நான் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து, பட்டுச் சேலையும் மாலையுமாக, மனைவி குனிந்து அவனிடம் சொன்னார்:

"இவரு குடிய விட்டுட்டாரு தம்பி. நானும் தரை தொடைக்கிறத விட்டுட்டேன்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, என் தோளைத் தட்டி, "ஸ்ட்ராங்கா இருங்க சார்," என்று சொல்லி இறங்கிப் போனான்.